கணக்கு யாருடையது?

ஒருவன் செய்த வேலையை மற்றொருவன் ஏட்டில் எழுதி வைக்கின்றான். மூன்றாமவன் ஒருவன் அவ்வேட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றான். பின்னர் அக்கணக்கு யாருடையது? வேலை செய்தவனுடையதா, எழுதினவனுடையதா, சாவியை இடுப்பில் செருகியிருப்பவனுடையதா? படித்தவர்கள் பொழுதுபோக்காகத் தர்க்கிக்கும் கேள்வி இது என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். நம் தோட்டத்து மக்களுக்கு இது மாதச் சம்பளத்தைப் பற்றிய கேள்வி. எனக்கோ, சென்ற ஓராண்டாக என் மனச்சாட்சியைப் பற்றிய கேள்வியாகவும் ஆகியிருக்கின்றது.

நான் மலாக்கா மாநிலத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன். 1896-ஆம் ஆண்டில் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபார நோக்குடன் ரப்பர் நட்ட காலந்தொட்டு, தோட்டம் என்றால் செக்ரோல், செக்ரோல் என்றால் கிராணி என்றே இருந்து வந்தது. பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் புள்ளி போடுவதும், பாலை நிறுத்து எடை எழுதுவதும், மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துச் சம்பளம் போடுவதும் மையும் பேனாவும் கொண்டு நடந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செக்ரோல் புத்தகமும் போய்விட்டது. இப்போது மண்டோர் குலைகளை எண்ணிக் கைத்தொலைபேசியில் தட்டுகின்றார். மாலையில் நான் சரிபார்த்து ஏற்றுகின்றேன். ஆனால் அந்த எண்கள் எங்கள் ஆபீசில் தங்குவதில்லை. மென்பொருளை மாத வாடகைக்குத் தந்திருக்கும் கம்பெனி ஒன்றின் கணினிக்குப் போய்விடுகின்றன. அக்கணினி எந்த ஊரில் இருக்கின்றதென்று எனக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். அவர் வெட்ட, அவர் மனைவி உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவார். பெரியவர் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் ஒவ்வொரு நாளும் தாம் வெட்டிய குலைகளை 555 நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைப்பது அவர் வழக்கம். கடைக் கடனுக்கு நாம் எல்லோரும் வைத்திருக்கின்றோமே, சட்டைப் பைக்குள் அடங்கும் அதே சிறிய நோட்டுத்தான். ஒரு சமயம் மூன்று மாதம் தொடர்ந்து தம் கணக்கைக்காட்டிலும் சம்பளச் சீட்டில் குலைகள் குறைந்திருப்பதாக அவர் என்னிடம் வந்து சொன்னார். மூன்று மாதத்துக்கும் சேர்த்து 412 குலைகள். பணமாகப் பார்த்தால் இருநூறு வெள்ளி சொச்சம். நான் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “கணக்கு ஆபீஸ்ல பத்திரமா இருக்கு, பெரியவரே. மெஷின் தப்புப் பண்ணாது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் போய்விட்டார்.

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. வேறொரு பிரிவில் இரண்டு வேலையாட்களின் எண்கள் ஓரிலக்கம் மாறி, ஒருவருடைய குலைகள் மற்றொருவருடைய பெயரில் பல வாரம் ஏறியிருந்தது தற்செயலாகத் தெரியவந்தது. அன்றிரவு எனக்குப் பெரியவருடைய நினைவு வந்தது. மறுநாள் அவருடைய மூன்று மாதத்தையும் திறந்து பார்க்க முயன்றேன். மாதக் கூட்டுத்தொகை மாத்திரம் திரையில் வந்தது. நாள்வாரிக் கணக்கு வரவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். 12 மாதத்துக்கு மேற்பட்ட நாள்வாரிப் பதிவுகள் மூடி வைக்கப்படும் என்றும், திறந்து தருவதற்குத் தனிக் கட்டணம் 1,800 வெள்ளி என்றும், நாங்களே நேராகச் சென்று எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமில்லை என்றும் பதில் வந்தது. கடிதத்தின் கடைசி வரி, எங்கள் விவரங்கள் அவர்களிடம் முழுப் பாதுகாப்புடன் இருப்பதாகக் கூறி எங்களுக்கு ஆறுதலளித்தது!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த எண்களை எங்கள் மண்டோர் எண்ணினார். நான் என் விரலால் ஏற்றினேன். மாதந்தோறும் வாடகையும் கட்டுகின்றோம். நாங்கள் வைத்த பொருளை நாங்கள் பார்க்கக் கட்டணமா? துரையிடம் சென்றேன். இருநூறு வெள்ளியைத் தேட 1,800 வெள்ளி செலவிட முடியாதென்றார். அவர் கெட்ட மனிதரல்லர். கணக்கு அவ்விதம் சொல்லிற்று. கடைசியில் பெரியவரையே கூப்பிட்டுக் கம்பெனியின் பதிலை மலாயிலிருந்து தமிழாக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இது என்ன ஐயா புதுசா? நீங்க எனக்குச் சொன்னதத்தானே அவன் உங்களுக்குச் சொல்லியிருக்கான்” என்றார்.

நிற்க. இவ்விஷயத்தைக் கோபம் தணிந்தபின் ஆராய்ந்து பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் லாக் என்னும் தத்துவ ஞானி, ஒரு பொருளில் எவன் தன் உழைப்பைக் கலக்கின்றானோ அவனுக்கே அது சொந்தம் என்று வாதித்தார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் கணக்கு என்னும் பொருளில் மூவர் உழைப்பும் கலந்திருக்கின்றதே! குலை வெட்டினவன் உழைத்தான். எழுதின கிராணி உழைத்தான். எழுத இடங்கொடுத்த மென்பொருளைச் செய்த பொறியாளனும் இராப்பகலாக உழைத்தே இருப்பான். லாக்கின் அளவுகோலை வைத்தால் மூன்று பேரும் பங்கு கேட்பார்கள். ஆகையால் நான் வேறோர் அளவுகோலைச் சொல்லுகின்றேன். அக்கணக்கு பொய்யாகிவிட்டால் எவனுடைய அடுப்பு அணையும்? பெரியவருடைய கணக்கில் 412 குலை குறைந்ததனால் மென்பொருட் கம்பெனிக்கு ஒரு காசு நட்டமில்லை. எனக்குச் சம்பளம் குறையவில்லை. தோட்டத்துக்கோ, உண்மையைச் சொன்னால், இருநூறு வெள்ளி மிச்சம். நட்டம் முழுவதும் ஒரே ஓர் ஆளின் தலையில் விழுந்தது. அந்த ஒருவருக்குத்தான் கணக்கைப் பார்க்க வழியுமில்லை. பிழையினால் வரும் துன்பம் ஒருவனுக்கும், பிழையைக் காணும் உரிமை வேறொருவனுக்கும் என்று பிரித்து வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

கம்பெனியார் தரப்பிலும் சொல்லத்தக்கவை உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. பல தோட்டங்களின் கணக்குகள் ஒரே கணினியில் இருக்கும்போது, கண்டவரெல்லாம் உள்ளே புகுந்து எடுக்கத் தொடங்கினால் ஒருவர் இழுக்கும் இழுப்பில் மற்றவர் வேலை நின்றுபோகும். திருடரும் அதே வாசலால் நுழையலாம். பழைய பதிவுகளைக் காப்பதற்கும் மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும். மேலும் எண்களை அடுக்கி வைத்திருக்கும் அமைப்பு அவர்களுடைய தொழில் இரகசியம். இவையெல்லாம் மெய்யே. ஆனால் இவை வாசலுக்குக் காவல் போடுவதற்குக் காரணமாகுமேயல்லாது வாசலை அடைப்பதற்குக் காரணமாகா. பத்தாயத்தின் தச்சு வேலை தச்சனுடையதாக இருக்கலாம். அதற்காக உள்ளே கிடக்கும் நெல்லும் தச்சனுடையதாகிவிடுமா? அடகுக் கடைக்காரர் நம் நகையைப் பூட்டி வைக்கின்றார் என்றால், அவர் நமக்குப் பணம் கொடுத்திருக்கின்றார். நம் கையில் சீட்டும் இருக்கின்றது. மென்பொருட் கம்பெனியார் நமக்கு எதுவும் கடன் கொடுக்கவில்லை. நாமே வாடகையும் கொடுத்து, நகையையும் கொடுத்துவிட்டு, திரும்பப் பார்க்க மறுபடியும் பணங் கட்டுகின்றோம்.

இஃது எங்கள் தோட்டத்துக்கு மாத்திரம் நேர்ந்த துன்பமன்று. உலகத்தின் பெரும் முதலாளிகளே இதில் அகப்பட்டுத் திணறியிருக்கின்றார்கள். மதுபான வியாபாரத்தில் பேர்போன டியாஜியோ கம்பெனி, தன் கணக்குகளை எஸ்.ஏ.பி. என்னும் ஜெர்மானியக் கம்பெனியின் மென்பொருளில் வைத்திருந்தது. தன் வாடிக்கைக்காரர்களும் விற்பனையாட்களும் ஆர்டர் போடுவதற்காக வேறொரு கம்பெனியின் மென்பொருளைக் கொண்டு ஒரு வழி செய்து, அதனைப் பழைய கணக்குடன் இணைத்தது. அந்தப் பக்கவழியாகக் கணக்கைத் தொடுகின்ற ஒவ்வொருவருக்கும் உரிமக் கட்டணம் உண்டென்று எஸ்.ஏ.பி. வழக்குத் தொடுத்தது. கேட்ட தொகை 5 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டன் உயர்நீதிமன்றம், தொகையை நிர்ணயிக்காவிடினும், கட்டணம் உண்டு என்ற கொள்கையளவில் எஸ்.ஏ.பி.க்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் வாசகம் அப்படி! 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் செலோனிஸ் என்னும் மற்றொரு ஜெர்மானியக் கம்பெனி, வாடிக்கைக்காரர்கள் தங்கள் சொந்த விவரங்களை வெளியார் மென்பொருளுக்குக் கொண்டுபோவதை எஸ்.ஏ.பி. தடுக்கின்றதென்று குற்றஞ்சாட்டி, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. கோடீசுவரர்கள் வக்கீல் வைத்து வாதாடுகின்றார்கள், நல்லது, வாதாடட்டும். 555 நோட்டு வைத்திருப்பவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

இது கணினி கொண்டுவந்த புது நோய் என்று சிலர் கருதுவர். நம் ஜனங்களின் சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. இன்ன தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கின்றது, அதைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. கடன் தொகையைக் கங்காணி சொல்லுவார், துரை எழுதுவார், புதிய துரை பணத்தைக் கட்டி அக்கடனைத் தம் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்வார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறும்போது வாங்கிய சில ரூபாய், துண்டுக்குத் துண்டு மாறி வளர்ந்துகொண்டே போகும். எவன் பெயரால் அது வளர்ந்ததோ அவன் ஒருவனுக்கு மாத்திரம் அதைச் சரிபார்க்க வழியில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சீட்டை அவன் எப்படிப் படிப்பான்? அவனுடைய கடன், அவனுடைய உழைப்பு, அவனுடைய பயணம் ஆகிய யாவும் அவன் தலைக்கு மேலே இரண்டு துரைமாருக்கும் ஒரு கங்காணிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தாக இருந்தன. 1921-ஆம் ஆண்டில் சட்டம் செய்து துண்டை ஒழித்தார்கள். அடியும் உதையும் இல்லாமலே ஒரு மனிதனைக் கட்டிப்போடக் கணக்கு ஒன்று போதும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கடன் இருந்தது ஒருபுறம். அதனினும் கொடியது, கடன் எவ்வளவென்று அறியும் வழி மூடியிருந்தது.

கணக்கைப் பிறன் கையில் ஒப்படைத்தும் அதன் மேலுள்ள உரிமையை விடாத முறையும் நம்மவரிடையே இருந்தே வந்திருக்கின்றது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மலாயாவில் லேவாதேவி நடத்திய காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜண்டு மூன்று வருஷத் தவணைக்குக் கடல் கடந்து வந்து கிட்டங்கியில் பெட்டியடி போட்டு உட்காருவார். பணம் முழுவதும் ஏஜண்டின் கையில். ஆனாலும் ஐந்தொகை ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கும். கணக்கைப் பார்க்க முதலாளி ஏஜண்டுக்குக் கட்டணம் செலுத்தினாரென்று எவராவது கேட்டதுண்டோ? முதலாளிக்கு மாத்திரம் கிடைத்த மரியாதை இது என்பீர்களானால், 555 நோட்டைப் பாருங்கள். மளிகைக் கடையில் ஒரு நோட்டு, வாங்குகின்றவர் கையில் ஒரு நோட்டு. இரண்டிலும் ஒரே வரி ஒரே சமயத்தில் ஏறுகின்றது. கடைக்காரர் யோக்கியரா இல்லையா என்ற கேள்வியே எழவேண்டியதில்லை. 1951-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியும் இந்த வழியில் வந்ததே. பணத்தை வாரியம் வைத்திருக்கின்றது. ஆயினும் முதலாளி இம்மாதம் எவ்வளவு செலுத்தினாரென்பதைத் தொழிலாளி இன்று தம் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளுகின்றார். பணம் செலுத்தாத முதலாளிகள் எத்தனை பேர் இதனால் பிடிபட்டிருப்பார்கள்!

சட்டம் என்ன சொல்லுகின்றதென்பதையும் சுருக்கமாகக் கவனிப்போம். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை அது தனிமனிதனுக்கு அளித்தது. 2024-இல் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல், தொழில்நுட்பம் இடந்தரும் மட்டில், அவ்விவரத்தை வேறிடத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லும் உரிமையும் சேர்ந்திருக்கின்றது. ஆனால் அச்சட்டம் வாணிப நடவடிக்கைகளைப் பற்றியது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது, ஒரு தோட்டம் தன் மென்பொருட் கம்பெனியிடம் சிக்கிக்கொண்டால் கைகொடுக்கவும் அது எழுதப்பட்டதன்று. ஐரோப்பியர் இதில் ஓரடி முன்னே வைத்திருக்கின்றார்கள். 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே அமலில் இருக்கும் தரவுச் சட்டத்தின்படி, மேகக் கணினிக் கம்பெனியை விட்டு விலகும் வாடிக்கைக்காரர் தம் விவரங்களைத் தம்முடன் கொண்டுபோக வழி செய்து கொடுத்தாக வேண்டும். மாறுவதற்கென வாங்கும் கட்டணத்தை 2027 ஜனவரி 12 முதல் அறவே ஒழிக்க வேண்டும். மெத்த நல்ல சட்டம். ஆயினும் இந்தச் சட்டம் நாளைக்கே மலாக்காவுக்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். விவரங்கள் கம்பெனியிடமிருந்து தோட்டத்துக்குத் திரும்பி வரும். தோட்டத்திலிருந்து பெரியவருக்கு வருமா?

இங்கேதான் என் தலை தாழ்கின்றது. “எங்கள் விவரங்களை எங்களுக்குக் காட்ட மறுக்கின்றார்கள்” என்று கம்பெனிக்கு நான் எழுதிய கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கின்றது. எவை எங்கள் விவரங்கள்? பெரியவர் வெட்டிய குலைகள், அவர் மனைவி குனிந்து பொறுக்கிய பழங்கள், வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் மழையில் நனைந்து செய்த வேலை. இவற்றில் எது தோட்டத்து ஆபீசுடையது? கம்பெனிக்காரனாவது விலை சொன்னான். நான் விலைகூடச் சொல்லவில்லை. போ என்று சொன்னேன். காகிதச் செக்ரோல் என் மேசைமேலிருந்த காலத்திலும் எந்தத் தொழிலாளியையாவது அழைத்து, இதோ பார், உன் பெயருக்கு நேரே இப்படி எழுதியிருக்கின்றேன் என்று காட்டியதுண்டா? எனக்கு முன்னிருந்த கிராணிமாரும் செய்ததில்லை. கணக்கைக் காட்டினால் தினமும் வழக்கு வரும், வேலை நடக்காது என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு வாதம் உண்டு. வழக்கு வரும்தான். கணக்கு சரியாக இருந்தால் ஒரு வாரம் வரும். தவறாக இருந்தால் சரியாகும்வரை வரும். அப்படி வருவதில் கெடுதல் என்ன?

புக்கிட் பெருவாங்கில் இருக்கும் பல்லூடகப் பல்கலைக்கழகத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கணினி கற்கின்றார்கள். நாளைக்கு இத்தகைய மென்பொருளை எழுதப்போகின்றவர்களும் அவர்களே. உங்கள் பாட்டன் துண்டில் பெயர் பட்டவராக இருக்கலாம். உங்கள் தாயார் பால் வாளியை நீட்டிவிட்டு, கிராணி என்ன எழுதுகின்றான் என்று எட்டிப் பார்க்கத் துணியாமல் நின்றவராக இருக்கலாம். நீங்கள் பூட்டுச் செய்யுங்கால், சாவி எத்தனை செய்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

எங்கள் தோட்டத்தில் இப்போது நான் செய்திருப்பது பெரிய காரியமன்று. மண்டோர் எண்ணியவுடன் எண்ணிக்கையை இரட்டைத் தாள் சீட்டில் எழுதி ஒன்றைக் கிழித்து வெட்டியவரிடம் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தேன். காகிதச் செலவு என்னவென்று துரை கேட்டார், சொன்னேன், சரி என்றார். முதல் வாரத்தில் சீட்டைப் பத்திரப்படுத்தினவர்கள் நான்கு பேர்தாம். வங்காளதேசத்து வேலையாட்கள் சீட்டைச் சட்டை செய்யவேயில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. மண்டோர் எண்ணைத் தட்டி முடித்தவுடன் அத்திரையைத் தங்கள் தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வதை அவர்கள் வந்த நாள் முதலே வழக்கமாக வைத்திருக்கின்றார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

பெரியவருடைய மூன்று மாதக் கணக்கு இன்னும் மூடியே கிடக்கின்றது. பழியைக் கழிக்க எண்ணி, இருநூறு வெள்ளியை என் கையிலிருந்தே எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் வாங்கவில்லை.

“காசு இருக்கட்டும், ஐயா. நான் பொய் சொல்லலேன்னு எழுதிக் குடுங்க” என்றார்.

அவ்விதம் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. நாள்வாரிப் பதிவைப் பார்க்காமல் கிராணி கையொப்பத்துடன் அப்படி எழுத முடியாது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருடைய 555 நோட்டில் அந்த மூன்று மாதத்துப் பக்கங்களை, முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய அப்பக்கங்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடுகளை எண்ணினேன். கடைசிப் பக்கத்தின் அடியில், “இக்கணக்கு என்னிடம் காட்டப்பட்டது. அன்று நான் பார்க்கவில்லை” என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் போட்டுக் கொடுத்தேன். அவர் மனைவி அதை வாங்கி, எழுத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.